அருளப்பு அண்ணை வாய் மூடிய இடங்கள்

வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. என் மனைவி றோசலின்தான் எடுத்தாள். "அருளப்பு அண்ணை போயிட்டாராம்" என்று சொல்லிவிட்டு அழுதாள். என் சாவுக்கும் இப்படி அழுவாளா என்று யோசித்தேன். செய்தி வந்த நேரத்திலும் எனக்கு அவர் மீது பொறாமைதான் வந்தது. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துப் பயனில்லை; மண்டபத்தில் என் முகத்தைப் பார்த்தவர்கள்தானே நீங்கள்.

ஜெர்மனியில், எங்கள் பீலெஃபெல்ட் நகரில் மாதம் ஒருமுறை தமிழ்ப் பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் அவர் படம் போடுவார். லண்டனில் இருந்து தங்கை அனுப்பும் பழைய ஆங்கிலப் பகிடிப் படங்கள். ஊரே டிவிடிக்கு மாறிய பிறகும் அவர் வீடியோ கசெற்றை விடவில்லை. எங்கள் சனத்துக்கு ஜெர்மன் ஓடும், ஆங்கிலம் ஓடாது. அண்ணை தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். மன்னாரில் இருந்து கப்பலுக்குச் சமையல் வேலைக்குப் போனபோது பொறுக்கிய ஆங்கிலம். நான் யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவன். அவர் விடும் பிழைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். பக்கத்தில் றோசலினும் சிரிப்பாள். இந்த நாட்டுக்கு வந்த பிறகு எங்கள் வீட்டில் நான் கேட்காத சிரிப்பு அது. அதை ஒருமுறையாவது நான் வரவைக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

அந்தப் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூரை ஒழுகும் பெரிய வீட்டில் ஒரு கனவான் குடை பிடித்தபடி விருந்தாளிக்குத் தேநீர் ஊற்றுவார். பின்னால் சுவர் விழும். அவர் தூசியைத் தட்டிவிட்டு, சீனி எத்தனை கரண்டி என்று கேட்பார். "வெள்ளைக்காரனுக்கு வீடு இடிஞ்சாலும் மரியாதை இடியாது, மாஸ்டர். அதிலதான் பகிடி" என்பார் அண்ணை. உண்மையிலேயே வீடு இடிந்து வந்தவர்கள் நிறைந்த மண்டபம் அது. ஆறாம் தடவையும் சிரித்தார்கள்.

ஒரு மாதம் அவருக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. "மாஸ்டர், இந்தமுறை நீங்கள் சொல்லுங்கோ" என்றார். கோட் போட்டுக்கொண்டு போனேன். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். "இப்போது சுவர் விழும், ஆனால் இவர் பதறமாட்டார், அதுதான் நகைச்சுவை" என்று முன்கூட்டியே விளக்கமும் கொடுத்தேன். சுவர் விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. றோசலின் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

மருத்துவமனையில் அண்ணையிடம் முறையிட்டேன். "நான் ஒரு பிழையும் விடேல்லை, அண்ணை."

"ஓம், விட்டிருக்க மாட்டியள். சிரிக்கிற இடத்தில கதைச்சியளோ?"

"கதைச்சனான்."

"அந்த இடத்தில வாயை மூட வேணும். நான் சனத்தின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு நிப்பன்."

அன்று அவரை வெறுத்தேன். அத்தனை மாதமும் றோசலின் சிரிக்கும் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்த நான் பிழை எண்ணிக்கொண்டிருந்தேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு அவருடைய மனைவி அந்தக் கசெற்றை என் கையில் தந்தார். "அவர் இருந்தா போட்டிருப்பார். நீங்கள் சொல்லுங்கோ." சொன்னேன். கனவான் குடையை விரித்தார். சுவர் ஆடத் தொடங்கியது. நான் வாயை மூடிக்கொண்டு றோசலினைப் பார்த்தேன்.

சிரித்தாள். சிரிக்கும்போது அவளுடைய இடது கண் முழுதாக மூடிக்கொள்கிறது. இருபது வருடம் குடும்பம் நடத்திய எனக்கு அன்றுதான் அது தெரிந்தது.

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நீங்கள் நின்ற அந்த இடத்தை நான் வைத்துக்கொள்கிறேன், அண்ணை. அவளுடைய அந்தக் கண்ணை எனக்கு முன்பே நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இப்போதும் பொறாமைதான்.