டப்பாவில் நானூறு, திரையில் இருநூறு

அடி அண்ணாமலையில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஆதிமூலத்தின் மகள் அன்புச்செல்வி. அந்த வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள். பட்டம் வாங்கிய கையோடு, 2004-இல், செங்கம் ரோட்டில் கம்ப்யூட்டர் கடை போட்டாள். "பொம்பளப் புள்ள ஸ்க்ரூ டிரைவர் பிடிச்சா மெஷின் ஓடுமா?" என்று கேட்டவர்களெல்லாம் கடை ஓடுவதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். கம்ப்யூட்டருக்குள் மாட்டும் ஒரே ஒரு மெமரி சில்லு அந்த வாயை மறுபடி திறந்துவிட்டது.

லாட்ஜ் முதலாளி வளவன் தன் கம்ப்யூட்டரை, புது மெமரி வந்த டப்பாவோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்து ஓடவிட்டார். வரும் வழியில் எதிர் டீக்கடையில் நின்று, அவளைத் திருடி என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்; அது கடைக்குள் அவளுக்கும் கேட்டது.

"நானூறு ஸ்பீடுல ஓடும்னுதானே மெமரி போட்ட? இன்னா காட்டுது பாரு, இருநூறு! மட்டச் சரக்கை மாட்டிட்டியா?"

சாப்பாடு கொண்டுவந்திருந்த ஆதிமூலம் மகளின் காதருகே குனிந்தார். "வேற ஒண்ணு மாத்திக் குடுத்துடும்மா. கடைப் பேரு கெட்டுடும்."

"மாத்திக் குடுத்தாத்தான்ப்பா கெடும். திருடினேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." வளவன் காதில் விழட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். "ஏம்ப்பா, சாதாரண நாள்ல பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போனா, எப்படித் திரும்புவ?"

"பாதி நாள் காலியாத்தான்."

"பௌர்ணமி கிரிவலக் கூட்டத்துக்கு?"

"போறப்பவும் ஆளு, வர்றப்பவும் ஆளு."

"வேகமா ஓட்டுவியோ?"

"அந்தக் கூட்டத்துல வேகமா ஓட்டி எவன்மேல ஏத்தறது?"

அவள் வளவன் பக்கம் திரும்பினாள். "இதுவும் அதேதாங்க. மெமரிக்குள்ள ஒரு துடிப்பு ஏறி ஏறி எறங்கும். திரை காட்டற இருநூறு அந்தத் துடிப்போட கணக்கு. பழைய மெமரி ஏறறப்ப மட்டும் லோடு தூக்கும், எறங்கறப்ப காலி. இது ரெண்டு தடவையும் தூக்கும். கம்பெனிக்காரன் லோடை எண்ணி டப்பாவுல நானூறுனு போட்டிருக்கான். திரை ட்ரிப்பை எண்ணுது."

வளவன் டப்பாவையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நீ ஏன் நானூறுல ஓடும்னு சொன்ன?"

"டப்பாவுல இருந்ததை அப்படியே ஒப்பிச்சேன். அது என் தப்பு. மட்டச் சரக்குன்னீங்களே, அது உங்க தப்பு."

வளவன் தொண்டையைக் கனைத்தார். "சரி, விடு. லாட்ஜுல இன்னும் ரெண்டு மெஷின் இருக்கு. அதுக்கும் இதையே போட்டுடு."

ஆதிமூலத்தின் முகம் மலர்ந்தது. மகளின் முகம் மலரவில்லை.

"போடறேங்க. முதல்ல டீக்கடைக்குப் போய், நான் திருடலைன்னு சொல்லிட்டு வாங்க."

"இதெல்லாம் ஒரு விஷயமா? வேலூர்ல வாங்கத் தெரியாதா எனக்கு?"

"வாங்கிக்குங்க. அங்கயும் திரையில இருநூறுதான் வரும்."

ஆதிமூலம் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளோ ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வேறு வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள். வளவன் கடைப் படியிலேயே நின்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து டீக்கடைப் பக்கம் நடந்தார்.

அன்புச்செல்வி நிமிராமலே குரல் கொடுத்தாள்: "சத்தமா சொல்லுங்க! எனக்கு இங்க கேக்கணும்."