பாதி அன்னத்தோடு நின்ற கதவு

போன வருடம் ஆவணி மாதம், செங்கலடியில் எங்கள் வீட்டோடு சேர்ந்த பட்டறையில் நடந்தது இது. என் கணவர் தச்சுவேலை செய்பவர். நான் வீட்டிலிருந்தபடியே கணினிக்கு நிரல் எழுதுகிறவள். இரண்டு பேருடைய தொழிலையும் ஒரே மேசையில் போட்டால் என்ன வரும்? கணினி சொல்வதைக் கேட்டு மரத்தில் பூ வெட்டும் சிஎன்சி மெசின் ஒன்று வந்தது. நாங்களே பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிய மெசின். அதற்கு மூளையாக இருக்கும் ஃபர்ம்வேரை யாரும் இலவசமாக எடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதை எல்லோருக்குமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

நானும் அதில் ஒரு மூலையில் கை வைத்துக்கொண்டிருந்தேன். மெசின் தன் ஊசியால் ஒரு உலோகத்தை மெல்லத் தொட்டு, தான் எங்கே நிற்கிறது என்று தானே அறிந்துகொள்கிற வேலை அது. இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுகிறோமே, அது மாதிரி. மேலிருந்து தொட்டு உயரம் பார்ப்பது ஏற்கெனவே ஒழுங்காக ஓடியது. ஒரு வட்டத் துளைக்குள் நாலு பக்கமும் தொட்டு, அதன் நடுவைக் கண்டுபிடிப்பதைத்தான் பாதி எழுதி வைத்திருந்தேன். பாதி என்றால், சோறு கொதிக்கிற இடைவெளியில் எழுதிய பாதி.

அந்தக் கிழமை மெசினில் கிடந்தது பனிச்சங்கேணி மீனவர் ஒருவருடைய மகளின் வீட்டுக் கதவு. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கல்யாணம் என்றால் முதலில் மகளுக்கு வீடு. வீடு முடிந்துவிட்டது, வெள்ளிக்கிழமை புதுவீட்டுக்குள் போகிற குடிபூரல், வாசற்கதவு மட்டும்தான் பாக்கி. அவர்களுடைய வளவில் புயலுக்கு விழுந்த முதிரை மரத்தை அறுத்து, இந்த மகளுக்கென்றே வருடக்கணக்காகக் காயவைத்த பலகை. இன்னொன்று எங்கே போய்த் தேடுவது?

பூட்டுக்கான துளையை முதலில் போட்டோம். பிறகு ஒன்றையொன்று பார்க்கும் இரண்டு அன்னங்களை வெட்டத் தொடங்கினோம். முதல் அன்னம் அவ்வளவு அழகாக வந்தது. இரண்டாவதற்கு உடம்பு முடிந்து கழுத்து வளைகிற இடத்தில் கரண்ட் போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஆனால் மெசினுக்குத் தான் நின்ற இடம் மறந்து போயிருந்தது. கண்மட்டத்தில் வைத்துத் தொடங்கினால் ஒரு மயிரிழை விலகும். விலகினால் கழுத்து இரட்டையாகத் தெரியும், கதவு போச்சு. என் கணவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தலையில்லாத அன்னத்தோட குடிபூரச் சொல்லுவமா புள்ள?”

சிரிக்கிற நேரமா அது? இருந்தும் சிரித்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. பூட்டுத் துளை மெசினே போட்டது. அதன் நடுவைச் சரியாகக் கண்டுபிடித்தால் மற்ற எல்லா இடமும் அதிலிருந்து தெரிந்துவிடும். ஆனால் மரத்தைத் தொட்டால் மெசினுக்குத் தெரியாது, உலோகம் வேண்டும். அந்தத் துளைக்குள் இறுக்கமாக உட்காரக்கூடியது அந்தப் பூட்டோடு வந்த பித்தளை வளையம்தான். அதுவோ பனிச்சங்கேணியில். புது வீட்டுப் பூட்டை நல்ல நேரத்தில்தான் பிரிக்க வேண்டும் என்று, எங்களுக்கு அளவை மட்டும் தந்துவிட்டுப் பெட்டியைச் சாமியறையில் வைத்திருந்தார் மணப்பெண்ணின் அப்பாக்காரர்.

மணப்பெண்ணுக்கே போன் போட்டு நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். பெட்டியைத் தானே ஸ்கூட்டியில் கொண்டு வருவதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் வருவதற்குள், பாதி நிரலை அவசரமாக முடித்து, அந்த ஃபர்ம்வேர்க்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் போட்டேன். கதவு, கல்யாணம், கழுத்தில்லாத அன்னம் எல்லாவற்றையும் எழுதினேன். எங்கோ ஒரு குளிர் நாட்டில் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த ஒருவர் உடனே பதில் போட்டார். இதைக் கதவில் ஓட்ட வேண்டாம், முதலில் தன்னுடைய மெசினில் ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. என் நிரலில் அப்படி என்ன குறை கண்டார்?

இதற்குள் மணப்பெண் வந்து இறங்கினாள். துவாயில் சுற்றிய பெட்டியை என் கையில் தந்தாள். அப்பா ஏசமாட்டாரா என்று கேட்டேன்.

“கதவே இல்லாட்டி பூட்ட எங்கக்கா கொழுவுற? நல்ல நேரத்த நான் அப்பாவோட பேசிக்கிறன்” என்றாள்.

வளையத்தைத் துளைக்குள் இறக்கிவிட்டுக் காத்திருந்தோம். கடைசியில் ஒரு படம் வந்தது. அவருடைய மெசினில் ஊசி ஒடிந்து கிடந்தது, அவர் தன் பலகையில் இறக்கியிருந்த வளையம் பிய்ந்து, பலகை வெடித்திருந்தது. தொட்டதும் பின்வாங்க வேண்டிய இடத்தில் நான் கூட்டலுக்குப் பதில் கழித்தல் போட்டிருந்தேன். மெசின் தொட்ட பிறகும் முட்டித் தள்ளிக்கொண்டே போயிருக்கிறது. படத்துக்குக் கீழே அவர் எழுதியிருந்ததை இப்போதும் மனப்பாடமாகச் சொல்வேன்.

“மணப்பெண்ணின் கதவு உடைவதைவிட என் பலகை உடைந்தது நல்லது. திருத்தி அனுப்புங்கள், என்னிடம் இன்னும் மரம் இருக்கிறது.”

முன்பின் தெரியாத மனிதர்மேல் கோபப்பட்டேனே என்று வெட்கமாக இருந்தது. திருத்தி அனுப்பினேன். அவர் வேலைக்குப் போகாமல் இன்னொரு பலகையில் ஓட்டிப் பார்த்து, இனிப் பயமில்லை என்றார்.

எங்கள் மெசின் வளையத்தின் ஒரு பக்கத்தைத் தொட்டது, பின்வாங்கியது, மறுபக்கத்தைத் தொட்டது. மணப்பெண் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். பிறகு ஊசியைக் கழற்றி வெட்டுக்கத்தியைப் போட்டதும், மெசின் விட்ட இடத்துக்கே போய், கழுத்தை வளைத்து, அலகு வரை வெட்டி முடித்தது. கரண்ட் போன இடத்தில் நகத்தை வைத்துத் தடவிப் பார்த்த என் கணவருக்கு ஒரு கோடும் அகப்படவில்லை. அவருக்கு அழுகை வந்ததை நான் பார்த்தேன். தூசு என்றார்.

மறுநாள் கதவை ஏற்றிக்கொண்டு போக வந்த அப்பாக்காரருக்கு வீட்டிலேயே மகள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். ஏச்சு விழப்போகிறது என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் அன்னத்தின் கழுத்தையே தடவிக்கொண்டு நின்றார்.

“அவர்ர பலகையும் நம்மட கதவுக்குத்தானே போயிரிக்கி. அந்த மனிசனுக்குக் குடிபூரலுக்குச் சொல்லாம விடுறதா?” என்று கேட்டார்.

சட்டைப்பையிலிருந்த அழைப்பிதழ் ஒன்றை அங்கேயே தந்தார். அதைப் படமெடுத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமைக்கு என்ன உடுக்க வேண்டும் என்று பதில் வந்தது. குடிபூரலன்று வீடியோவில் கூப்பிட்டால், அங்கே விடியவேயில்லை, மனிதர் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்பாக்காரர் நல்ல நேரத்தில் கதவைத் திறந்தபோது எங்களோடு சேர்ந்து அவரும் கை தட்டினார்.

இப்போது எந்த நாட்டிலிருந்து யார் பாதி எழுதிய நிரலை அனுப்பினாலும், அதை முதலில் என் பலகையில் ஓட்டிப் பார்க்கிறேன். ஊசி ஒடிந்த நாட்களில், எங்கோ யாரோ ஒருவருடைய கதவு தப்பிவிட்டது என்று மனம் நிறைந்து போகிறது.