தலைவரின் போனஸும் என் மூக்கும்

என் மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பார்க்கிறவர்கள் பிறவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. எங்கள் வங்கித் தலைவர் செய்த தவறுக்கு என்னிடம் வசூலான அபராதம் அது.

தாம்பரத்தில் ஒரு தனியார் வங்கிக் கிளையில் நான் துணை மேலாளர். தலைவர் வேண்டியவர்களுக்கெல்லாம் கடனை அள்ளிக் கொடுத்து, ஒன்றும் திரும்பி வராமல், வங்கி படுத்துவிட்டது. போட்ட பணத்தை இஷ்டத்துக்கு எடுக்க முடியாது, ஆளுக்குக் கொஞ்சம்தான் என்று மேலிடத்தில் தடை போட்டார்கள். மருத்துவச் செலவுக்கு மட்டும் விலக்கு. மருத்துவமனையின் எஸ்டிமேட்டை இணைத்து நாங்கள் தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்ப வேண்டும். அவர்கள் சரியென்றால் பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும்.

அந்த நெருக்கடியில் தலைமை அலுவலகம் எங்களுக்குச் செய்த ஒரே உதவி, ஒரு சுற்றறிக்கை. வாடிக்கையாளருக்கு நம்பிக்கை வர வேண்டுமாம். அதனால் அதிகாரிகள் கோட்டும் டையும் அணிய வேண்டுமாம். தாம்பரம் வெயிலில் எவன் கோட்டு வைத்திருப்பான்? நான் வைத்திருந்தேன். எங்கள் சர்ச்சில் மாப்பிள்ளை கோட்டில்லாமல் வந்து நின்றால் சொந்தக்காரர்கள் பேரன் பிறக்கும் வரை பேசுவார்கள். கல்யாணத்துக்குத் தைத்ததை மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன். மேலாளர் முழுக்கைச் சட்டையோடு நிறுத்திக்கொண்டார். அனுபவசாலி.

அன்று காலை கூட்டம் படிக்கட்டு வரை நின்றது. முதலில் என் மேஜைக்கு வந்தவர் அஸ்தினாபுரத்தில் கிரில் பட்டறை வைத்திருப்பவர். மனைவிக்குக் குடலில் அடைப்பு, உடனே அறுவை சிகிச்சை.

“மத்தியானத்துக்குள்ள கட்டுனாத்தான் உள்ள இட்டுனு போவாங்களாம் சார். லேட்டானா உள்ளயே வெடிச்சிடும்னு டாக்டர் சொல்றாரு.”

“உக்காருங்கண்ணே, இப்பவே அனுப்பிடறேன்” என்று டைப் அடிக்க ஆரம்பித்தேன்.

கூடத்தில் இரைச்சல் ஏறியது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. எனக்கு யோசனை வரும்போதெல்லாம் யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப்போட்டிருக்கலாம். சுவரில் இருந்த டிவியில் காமெடி போட்டால் ஜனங்கள் கொஞ்சம் சிரிப்பார்கள் என்று எழுந்துபோய் ரிமோட்டை அமுக்கினேன். வந்தது செய்தி. எங்கள் தலைவர் முழுப் பொறுப்பேற்று விலகிவிட்டாராம். ஆனால் வாங்கிய போனஸைத் திருப்பித் தர வேண்டாம் என்று இயக்குநர் குழு முடிவு செய்துவிட்டதாம்.

ரிமோட்டை மறுபடி அமுக்கினேன். பேட்டரி செத்திருந்தது. திரையில் கோட்டுப் போட்டுச் சிரிக்கும் தலைவர். அதற்கு நேர் கீழே, கோட்டுப் போட்ட நான்.

“இன்னாபா, போனஸு அவுங்களுக்கு, நாமம் நமக்கா?” என்றது ஒரு குரல்.

“தோ நிக்கிறான் பாரு அவுங்க ஆளு. கோட்டப் பாரு.”

அந்த வருஷம் எனக்கு வங்கி கொடுத்த ஊக்கப்பரிசு ஒரு டிபன் கேரியர் என்று விளக்க வாயைத் திறந்தேன். கிரில் பட்டறைக்காரரின் முஷ்டி மூக்கில் இறங்கியது. உள்ளே ஏதோ நொறுங்கும் சத்தம் காதில் கேட்டது. வாயில் ரத்தம் கரித்தது. வரிசைக்கு வைத்திருந்த இரும்புக் கம்பத்தை எவனோ பிடுங்கி என் மண்டையில் போட்டான். நாற்காலி ஒன்று பறந்து காசாளர் கண்ணாடியை உடைத்தது. அதன் சில்லு கையைக் கிழித்து ஒரு கிழவர் அலறினார். விழுந்த என் விலாவில் செருப்புக் கால்கள். மேலாளர் லாக்கர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் தெளிவாகக் கேட்டது.

தவழ்ந்து என் மேஜைக்கு அடியில் புகுந்தேன். பட்டறைக்காரர் குனிந்து காலரைப் பிடித்து இழுத்தார்.

“உங்க மெயில்தாண்ணே பாதியில கெடக்கு” என்றேன். பயத்தில் குரல் ஆட்டுக்குட்டி மாதிரி வந்தது.

அவர் நிமிர்ந்து மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். மனைவியின் பெயர் அங்கே இருந்தது.

“வேற யாராச்சும் அனுப்ப முடியுமா?”

“மேனேஜர் அனுப்பலாம். அவர் லாக்கர்ல இருக்காரு.”

என்னைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். கீழே கிடந்த அதே இரும்புக் கம்பத்தை எடுத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றார்.

“எவனாச்சும் இந்தாளு மேல கைய வெச்சீங்க, பொளந்துடுவேன்.”

“யோவ், நீதானே ஃபர்ஸ்ட்டு அடிச்ச?”

“அடிச்சது அப்போ. இப்போ அவரு வேல செய்றாரு.”

ஒருவன் பாய்ந்தான். கம்பம் அவன் தோளில் விழுந்தது. தோளைப் பிடித்துக்கொண்டு ஊளையிட்டபடி உட்கார்ந்துவிட்டான். இன்னொருவன் இவர் முதுகில் நாற்காலியால் அடித்தான். இவர் அசையவில்லை. நான் கீபோர்டில் ரத்தம் சொட்டச் சொட்ட எஸ்டிமேட்டை இணைத்து அனுப்பினேன். என் வாழ்க்கையில் எந்த வேலையையும் அவ்வளவு வேகமாகச் செய்ததில்லை. போலீஸ் வந்து தடியைச் சுழற்றிக்கொண்டிருந்தபோது அனுமதி வந்தது. பணத்தை அனுப்பிவிட்டுத்தான் மயங்கினேன்.

பக்கத்தில் இருந்ததால் என்னையும் அதே மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். தலையில் தையலும் மூக்கில் பஞ்சுமாக வெளியே வந்தால், ஆபரேஷன் தியேட்டர் வாசல் பெஞ்சில் அவர். மனைவியை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள்.

“மூக்கு நான்தான் சார்” என்றார் என்னைப் பார்க்காமல். “மண்டை நானில்ல. அத என் கணக்குல எழுதிடாதீங்க.”

ஒரு போலீஸ்காரர் வந்தார். “யாரு அடிச்சது?”

“கண்ணாடிக் கதவுல இடிச்சிட்டேன் சார்” என்றேன்.

“பொய் சொல்றாரு சார். நான்தான் அடிச்சேன்” என்றார் இவர். “அவ வெளிய வந்ததும் நானே ஸ்டேஷனுக்கு வரேன்.”

போலீஸ்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க. நான் டீ குடிச்சிட்டு வரேன்.”

அவர் திரும்பி வருவதற்குள் நர்ஸ் கதவைத் திறந்து, “முடிஞ்சிடுச்சு, நல்லா இருக்காங்க” என்றார். பட்டறைக்காரர் எழ முயன்றார். முதுகு பிடித்துக்கொண்டது. நான் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டேன்.