பிணவண்டிப் பல்சக்கரம்

மணப்பாட்டிலிருந்து தூத்துக்குடிக்குத் தினமும் வாடகைக் கார் ஓட்டிய பர்னபாஸ், வேகமாக ஓட்டிய காலத்தில், சேர வேண்டிய நாளில் போய்ச் சேராதவர். மெதுவாக ஓட்டிய காலத்தில் ஒருநாளும் தவறாதவர். இரண்டுக்கும் காரணம் காரின் பின் அச்சுக்குள் எண்ணெயில் மூழ்கிக் கிடந்த இரண்டு பல்சக்கரங்கள். சின்னது பினியன், பெரியது கிரவுன். எஞ்சின் தண்டு எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்பது அந்த ஜோடியின் முடிவு. குறைவாகச் சுற்றினால் வேகம், கூடுதலாகச் சுற்றினால் இழுவை. இரண்டையும் ஒரே ஜோடி தராது. மனிதர்களும் அப்படித்தான் என்றாலும், கல்யாணத் தரகர்கள் இதைச் சொல்வதில்லை.

யுத்தத்துக்கு முன்பு பர்னபாஸ் தேடிப் பிடித்து மாட்டியது வேக ஜோடி. திருச்செந்தூர் பஸ்ஸை முந்துவதைத் தவிர அந்த வேகத்தால் அவருக்கு வேறு பயன் இருந்ததில்லை. பிறகு யுத்தம் வந்தது, பெட்ரோல் போனது. காரின் முதுகில் கரியடுப்பு ஏறியது. கரிப்புகையில் ஓடும் எஞ்சினுக்குப் பாதி பலம்கூட இல்லை. சமதரையில் அது தெரியவில்லை.

ஓர் ஆடி மாதம் அவருடைய மனைவி ஜெபகனிக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடச் சொன்னாள் மருத்துவச்சி. குலசை என்று ஊர் சுருக்கிச் சொல்லும் குலசேகரப்பட்டினத்துக்கு இந்தப் பக்கம், மேல்காற்று தேரிக்காட்டுச் செம்மணலை அள்ளி ரோட்டில் கொட்டியிருந்தது. வேக ஜோடியால் அதில் இழுக்க முடியவில்லை. சக்கரம் புதைந்தது. மாட்டுவண்டிக்காரர்கள் வந்து காரைத் தூக்கிவிட்டபோது, பின்சீட்டில் முனகல் நின்றுபோயிருந்தது.

அடக்கம் முடிந்த கையோடு பர்னபாஸ் தூத்துக்குடியில் செந்தூர்பாண்டியின் பட்டறைக்குப் போய், இருப்பதிலேயே இழுவை கூடிய ஜோடி வேண்டும் என்றார். செந்தூர்பாண்டி சாக்கை விரித்துக் காட்டினார்.

"வே, சொல்லாம மாட்டினா பாவம். இது கொழும்புப் பிணவண்டிச் சாமான். தோணியில பழைய இரும்போட வந்துச்சு."

பர்னபாஸின் தகப்பனார், ஆள் செத்த வள்ளத்தின் ஒரு பலகையைக்கூட இன்னொரு வள்ளத்தில் வைக்க விடாதவர். அந்தக் கரையின் வழக்கம் அது. மகன் சாக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பிணவண்டி வழியில நின்னு பாத்திருக்கியளா அண்ணாச்சி?"

"இல்ல."

"அப்ப மாட்டுங்க."

அதன்பின் கார் எந்த மணலிலும் நிற்கவில்லை. ஆனால் பற்கள் சரியாகக் கவ்வுவதற்காகப் பினியனுக்கு அடியில் வைத்த தகடு சற்றுத் தடிமனாகிவிட்டது போலிருக்கிறது. மணலில் இழுக்கும்போது மட்டும் பின்னாலிருந்து ஒரு முனகல் கேட்டது. தகட்டை மாற்றினால் சத்தம் போய்விடும் என்றார் செந்தூர்பாண்டி. வேண்டாம் என்றார் பர்னபாஸ். குலசை மணல் வந்ததும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, பேச்சை நிறுத்திவிடுவார்.

யுத்தம் முடிந்து கரியடுப்பு இறங்கியது. பெட்ரோலில் எஞ்சின் கத்துகிற கத்தலுக்குக் கார் பறக்க வேண்டும், ஆனால் அது நடைதான் போட்டது. முந்திப்போன பஸ் கண்டக்டர் தலையை நீட்டி, "ஓய், சவப்பொட்டி எங்க? பூசைக்கு நேரமாச்சே!" என்றான்.

கீழவைப்பாரிலிருந்து இரண்டாம் தாரமாக வந்த ஞானபாக்கியம் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். வயிற்றில் பிள்ளை வந்த பிறகுதான் ஒருநாள் கேட்டாள்:

"மண்ணுல இழுக்கையில ஒரு முனகல் வருதே, அது என்ன?"

"பினியன்."

"பினியனுக்குப் பேரு ஜெபகனியா? தூக்கத்துல நீங்க பினியன் பினியன்னு கூப்பிடலியே."

பர்னபாஸ் துணியை எடுத்துக் கார்க் கண்ணாடியைத் துடைக்கலானார்.

"அந்தச் சத்தத்துல ஏறி நான் பிள்ள பெறப் போக மாட்டேன். மாத்துங்க. இல்லன்னா நான் பஸ்ல போறேன்."

பழைய வேக ஜோடி எண்ணெய்ச் சாக்கில் சுற்றி அவர் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அதைத் தொட அவருக்குக் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவான ஒரு ஜோடியைச் செந்தூர்பாண்டி எடுத்து வைத்தார்.

"பாளையங்கோட்டை டாக்டரு கார்ல கெடந்தது. சுத்தமான சாமான்."

"டாக்டரு காரா? அது எத்தன பேரு முடிவப் பாத்துதோ."

"அப்ப பிணவண்டியே தேவலையா, வே? வாஸ்தவந்தான். அதுல ஏறுனவன் எவனும் பொறவு சாகல."

சிரிக்காமல் திரும்பிய பர்னபாஸ் நாளைக் கடத்தினார். மாதம் நெருங்கியதும் ஞானபாக்கியம் சொன்னபடியே பஸ்ஸில் ஏறினாள். அவர் காரில் பின்தொடர்ந்தார். மணலில் கார் முனகிக்கொண்டே ஊர்ந்தது. பஸ்ஸின் பின்ஜன்னலில் தெரிந்த அவள் முகம் சிறுத்துச் சிறுத்துப் புழுதியில் மறைந்தது. ஒருத்தியின் குரலைக் கேட்பதற்காக இன்னொருத்தியைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்துவிட்டு நேரே பட்டறைக்குப் போனார்.

டாக்டர் ஜோடி ஏறியது. இந்த முறை தகடு கச்சிதம். கார் பூனைபோலப் போனது.

பெண் குழந்தை பிறந்தது. தாயையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பர்னபாஸ் ஊர் திரும்பியது நடுப்பகலில், ஆடிக்காற்றில். குலசை தாண்டி மணல் வந்தது. முதல் கியரில் கார் அலுங்காமல் இழுத்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பழக்கத்தில் சாய்ந்த தலையை அவர் நிமிர்த்திக்கொண்டார். எதையோ கைதவறிக் கடலில் போட்டவர் முகம்போல இருந்தது அவர் முகம்.

"நிறுத்துங்க," என்றாள் ஞானபாக்கியம்.

"நின்னா புதைஞ்சிரும்."

"நிறுத்துங்கங்கேன்."

நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. காற்று மட்டும்.

"கேக்குதா?" என்றாள் அவள்.

"இல்லியே."

"எனக்குக் கேக்குது."

குழந்தையை அணைத்தபடி அவள் ஓரமாக நகர்ந்தாள். எட்டி மறுபக்கக் கதவைத் திறந்தாள். சிவந்த மணல் சீட்டில் வந்து விழுந்தது. சற்று நேரம் அப்படியே இருந்தாள். பிறகு, ஏறியவர் சேலை சிக்கிக்கொள்ளாமல் சாத்துவதுபோல, கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"இப்பப் போங்க."

மணலில் நின்ற கார் நின்ற இடத்திலிருந்தே கிளம்பியது. பெட்ரோல் பலத்துக்கு அந்த ஜோடி தாராளம் என்று செந்தூர்பாண்டி பிற்பாடு விளக்கினார். அவர் கணக்கில் தப்பில்லை.

அன்றுமுதல் பர்னபாஸ் பின்சீட்டில் மூன்று பேரை ஏற்றவில்லை. கருவாட்டு வியாபாரிகள் கூட்டமாக நின்று கெஞ்சும் நாளிலும் கதவோரத்து இடம் காலியாகவே போகும். "ஏன்வே, அங்கன எடம் கெடக்குல்லா?" என்று கேட்டால், திரும்பிப் பார்க்காமல் சொல்வார்:

"ஆளு இருக்கு."