பான்சொக்குக்கு எந்த நாளில் படையல்

தென்கொரியாவில், எங்கள் குவாங்ஜு நகரச் சந்தையில் பொங்ரே மீன் விற்கிறாள். அவள் சத்தம் போட்டால் கூடையில் கிடக்கும் ஆக்டோபஸ் எட்டுக் காலாலும் காதைப் பொத்திக்கொள்ளும். நான் பக்கத்துக் கடைக்காரி, பொய் சொல்லமாட்டேன். அப்பேர்ப்பட்டவளையே ஒரு படம் குழப்பிவிட்டது.

எண்பதாம் வருஷம் மே இருபத்தொன்றாம் தேதி ராணுவ ஆட்சியை எதிர்த்துத் திரண்ட கூட்டத்தை ராணுவம் சுட்டபோது அவள் புருஷன் பான்சொக் அங்கே இருந்தான். உடல் கிடைக்கவில்லை. அந்தத் தேதியையே திதியாக வைத்து இருபது வருஷமாகப் படைத்து வந்தாள்.

ஹேரான் என்ற பெண் அந்த நாட்களைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தாள். யாரோ பரணில் மறந்துவிட்டுப் போன பழைய படச்சுருள்களையும் அதில் சேர்த்திருந்தாள். சந்தைக்காரிகளான எங்களுக்குத்தான் முதலில் போட்டுக் காட்டினாள். திரையில் மழை. லாரி மேல் ராணுவத்தை எதிர்த்து நின்ற ஊர்க்காரர்கள். ஒருவன் வாய் நிறையச் சோற்றுருண்டையை அடைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"நிறுத்துடி!" பொங்ரே எழுந்துவிட்டாள். "அது எங்க வீட்டு ஆளு. அந்த விடைச்ச காது வேற எவனுக்கும் கிடையாது."

"நல்லாப் பாருங்கம்மா," என்றாள் ஹேரான். "இது இருபத்துநாலாம் தேதி எடுத்தது. சுட்டு மூணு நாள் கழிச்சு."

"மூணு நாளா? அந்த உருண்டைய இந்தச் சந்தையில நாங்கதானடி உருட்டிக் குடுத்தோம்! எவ கையில வாங்கித் தின்னாரு? வீடு நாலு சந்து தள்ளிதானே, ஏன் வரல? அப்புறம் எங்க போனாரு?"

"சுருள் அதோட முடிஞ்சிடுதும்மா."

திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ குடுத்தியா?" என்றாள். நானும் அன்று உருட்டியவள்தான். எத்தனையோ கைகள் நீண்டன.  

மே வந்தது. வழக்கமான நாளில் நானும் அவள் வீட்டில் இருந்தேன். அங்கே வந்த அவள் கொழுந்தன் பான்கில் மேஜையைப் பார்த்து அலறினான். சிவக்கச் சிவக்க மீன் குழம்பு, பக்கத்தில் பூண்டு போட்ட கிம்ச்சி ஊறுகாய்.

"அண்ணி! செத்தவங்களுக்கு மிளகாயும் பூண்டும் ஆகாதே! அண்ணன் வாசப்படியிலேயே நின்னுடுவாரு."

"இன்னைத் தேதிக்கு உங்கண்ணன் சாகல. உசுரோட இருக்கற மனுசனுக்கு எவளாவது படையல் போடுவாளா? உப்புச் சப்பில்லாம வெச்சா தட்டைத் தூக்கி அடிப்பாரு."

"அப்போ திதி என்னைக்கு?"

கரண்டியும் கையுமாக அவள் என்னைப் பார்த்தாள். எனக்குத் தெரிந்தால்தானே.

"இருபத்தஞ்சா, ராணுவம் திரும்பி ஊருக்குள்ள புகுந்த இருபத்தேழா... தெரியல தம்பி. குழம்பு ஆறுது, சாப்பிடு."