பெயர் இல்லாதவர்கள் கட்டிய பாலம்

இன்று ஆடி அமாவாசை. மலேசியாவில், எங்கள் புக்கிட் பெருந்துங் வீட்டில் அம்மா படையலுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். தம்பி நவீன் போனை ஸ்பீக்கரில் போட்டு நண்பனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் விளையாடும் கேமில் ஒரு ராஜா, பிடித்து வந்த கிராமத்து மக்களை வைத்துச் சதுப்பு நிலத்தில் பாலம் கட்டுகிறான். காய்ச்சலிலும் பட்டினியிலும் அத்தனை பேரும் சாகிறார்கள். அதைப் பற்றித்தான் சண்டை.

"அது கொலைடா," என்றான் நண்பன்.

"பாலம் இல்லன்னா போர்ல தோத்திருப்பான் லா. செத்தவங்கள யாருக்குத் தெரியும்? கேம்ல ஒருத்தனுக்குக்கூட பேரு வைக்கல," என்றான் தம்பி.

"அப்புறம் சண்ட போடு. வந்து கும்புடு," என்றார் அம்மா.

வந்தவன் கேட்டான்: "கடைசி எல யாருக்கும்மா?"

"தாத்தாவோட அண்ணனுக்கு. உலகப் போர் காலத்துல ஜப்பான்காரன் அவர ரப்பர் தோட்டத்துல இருந்து சயாமுக்கு, அதான் தாய்லாந்துக்கு, ரயில் ரோடு போடப் புடிச்சிட்டுப் போனான். திரும்பி வரல. செத்த நாள் தெரியாது, அதான் இன்னிக்குப் படைக்கிறோம்."

"அவரு பேரு?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா இலையைப் பார்த்தார்.

"எங்கப்பா சாகுற வரைக்கும் 'அண்ணன்'னுதான் சொன்னாரு. கூடப்பொறந்த அண்ணன எப்படிப் பேரு சொல்லுவாரு? நானும் கேக்கல," என்றார் அப்பா.

கற்பூரம் அணையும் வரை தம்பி அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மேசைமேல் போன் இன்னும் கத்திக்கொண்டிருந்தது. "டேய், பதில் சொல்லு லா! ராஜா செஞ்சது சரியா, தப்பா?"

அவனுக்கு நீங்கள் யாராவது பதில் சொல்லிவிடுங்கள். இங்கே ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறோம்.