ஒரு சட்டைக்கு ஒரு வினைச்சொல்

காலரை அழுத்தினால் ‘லவே’. தோளுக்கு ‘லவாஸ்தே’. வலது சட்டைக்கைக்கு ‘லவோ’, இடதுக்கு ‘லவாமோஸ்’, முதுகுக்கு ‘லவாஸ்தெய்ஸ்’, முன்பக்கத்துக்கு ‘லவாரோன்’. துவைத்தேன், துவைத்தாய் என்று ஸ்பானிஷில் ஒரு சொல் ஆறு பேருக்கும் சுற்றி வருவதற்கும் சட்டை மடிப்புக்கு வருவதற்கும் சரியாக இருக்கும். இஸ்திரிக்காரர் அடுத்த சட்டையை உதறுவார். அதற்கு ‘சமைத்தல்’.

“என்னய்யா, என் சட்டைக்கு மந்திரம் ஓதுறியா?” என்பார் மாடிவீட்டு வக்கீல்.

“நடந்து முடிஞ்சதைச் சொல்லப் பழகுறேன் சார். தலை அப்படியே இருக்கு, வால் மட்டும்தான் மாறுது. ரொம்ப ஒழுங்கான சொல்லுங்க.”

பேன்ட் வந்தால்தான் தொல்லை. ஆறு இடத்துக்கு மனிதர் எங்கே போவார்? சொல் பாதியில் தொங்கும், முகம் கடுகடுக்கும். அதனால் பேன்ட்டெல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போய்விடும்.

இந்தக் கூத்தெல்லாம் சம்பந்தியம்மாவுக்காக. ஸ்பானிஷ் பேசும் தூரதேசத்தில் வாழ்க்கைப்பட்ட மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, அவள் பிழைத்ததே பெரும்பாடு. தாயில்லாப் பெண். இவருக்கோ விசா கிடைக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மாதான் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டார். “உங்களுக்காக நானே நன்றி சொல்லிடறேம்ப்பா” என்றாள் மகள். “நீ ஏன் சொல்லணும்? பெத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன்ல” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டார். பக்கத்தில் இருக்க முடியாத வேதனை அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. போன் திரையில் சம்பந்தியம்மா, மடியில் பேரன், பக்கத்தில் மகள். படித்ததெல்லாம் பறந்துவிட்டது.

“அப்பா, நான் வேணா...”

வேண்டாமென்று தலையாட்டினார். அவர் கை தானாக மேசைக்குப் போயிற்று. வெறும் மேசையில் காலரைத் தேய்த்தது, தோளைத் தேய்த்தது, வலது சட்டைக்கை இருக்கவேண்டிய இடத்தில் நின்றது. ‘நீங்கள்’ என்று மரியாதையாகச் சொல்வதற்கான சொல் அங்கேதான் இருக்கிறது.

“கொசினோ” என்றார். சமைத்தீர்கள். மறுபடி காலரிலிருந்து வந்து, “லவோ.” துவைத்தீர்கள். மூன்றாவது சுற்றுக்குக் கை காலருக்குத் திரும்பியது. “குய்தோ... என் பொண்ணைப் பாத்துக்கிட்டீங்கம்மா.”

சம்பந்தியம்மா முகத்தைப் பொத்திக்கொண்டார். பிறகு அழுகையும் சிரிப்புமாகக் கடகடவென்று பேச ஆரம்பித்தார். இவருக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. மகள் தமிழில் சொல்ல வாயெடுத்தாள்.

“நீ சும்மா இரும்மா” என்று அவளைக் கையமர்த்திவிட்டு, போனுக்கு நெருங்கி உட்கார்ந்து, “உம்... உம்...” என்று கொட்டத் தொடங்கினார்.